மெடிக்கலில் ‘இல்லை’ என்றால்

விருதுநகர் பக்கத்து மல்லாங்கிணறு மாதிரிச் சின்ன ஊரில் மெடிக்கல் கடைக்காரர் முகம் தெரியாத ஆள் கிடையாது. சித்தப்பா முறையாக இருப்பார், இல்லாவிட்டால் அண்ணனோடு படித்தவராக இருப்பார், அதுவும் இல்லாவிட்டால் அப்பாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை எடுத்து வைப்பவராக இருப்பார். அவரிடம் போய், “அண்ணே, அந்த 72 மணி நேர மாத்திரை இருக்கா?” என்று கேட்கத் துணிவதற்குள்ளேயே ஒரு நாள் ஓடிவிடும். துணிந்து கேட்டாலும் தமிழ்நாட்டின் பல கடைகளில் கிடைக்கும் பதில், “அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா” என்பதுதான். அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினால் அங்கேயும் அதே பதில் வரலாம். தலைவலி மாத்திரைக்கு இப்படி அலைந்தால் தலைவலியோடு போயிற்று. இந்த மாத்திரைக்கு அலைகிற ஒவ்வொரு மணி நேரமும் அதன் பலனைக் குறைத்துக்கொண்டே போகும்.

அவசரக் கருத்தடை மாத்திரை என்று இதற்குப் பெயர். கடைகளில் ஐ-பில், அன்வான்டட்-72 என்று வரும். விலை 100 ரூபாயை ஒட்டி இருக்கும். அரசு வழங்குவது ஈசி பில். பெயர்தான் வேறு வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். சில அட்டைகளில் 0.75 மில்லிகிராம் வீதம் இரண்டு மாத்திரைகள் இருக்கும். அவற்றை 12 மணி நேரம் விட்டுப் போடும்படி முன்பு சொல்லிவந்தார்கள். இரண்டையும் ஒரே வேளையில் போட்டாலும் பலன் ஒன்றுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2002இல் காட்டிவிட்டது. அதனால் இரண்டாவது மாத்திரையை மறந்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம்; சேர்த்தே விழுங்கிவிடலாம்.

யாருக்கு இது? ஆணுறை கிழிந்தவர்களுக்கு. மாலா-என் என்ற தினசரிக் கருத்தடை மாத்திரையை மூன்று நாள் தொடர்ந்து மறந்தவர்களுக்கு. அந்தாரா என்ற கருத்தடை ஊசி போட வேண்டிய தேதியை வெகுவாகத் தாண்டியவர்களுக்கு. எதையுமே பயன்படுத்தாதவர்களுக்கு. விருப்பமில்லாமல் வற்புறுத்தப்பட்டவர்களுக்கு. நம் பக்கத்தில் நான்காவது வகைதான் அதிகம் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் குடும்பக்கட்டுப்பாடு என்றாலே கு.க. ஆபரேஷன்தான், மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. முதல் பிள்ளைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே உள்ள வருஷங்களில் பெரும்பாலோரிடம் எந்த ஏற்பாடும் இருப்பதில்லை. வானம் பார்த்த பூமி. ஆண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் லாரிக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று நான்கு நாள் வந்து தங்கும் கணவனுக்காகத் தினமும் மாத்திரை விழுங்க எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்? பால் கொடுக்கும் வரை கரு நிற்காது என்று நம்பி இருந்துவிடுபவர்களும் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், தாய்க்கு மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்த நம்பிக்கைக்குப் பலம் உண்டு. மூன்றில் ஒன்று தவறினாலும் இல்லை.

இனி மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இதைச் சுற்றி இருக்கும் தயக்கமெல்லாம் இங்கேதான் முளைக்கிறது.

மாதவிலக்கு முடிந்ததும் சினைப்பையில் ஒரு முட்டை முற்றத் தொடங்கும். நன்றாக முற்றியதும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்ற ஹார்மோனைத் திடுமென்று கூட்டி விடும். அந்த ஏற்றம் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை சினைப்பையை விட்டு வெளியே வரும். வந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி அதிகம். பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரைகூடக் காத்திருக்கும். அதனால் உறவு கொண்ட அன்றைக்கே கரு உண்டாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். திங்கட்கிழமை உறவு, வியாழக்கிழமை முட்டை வெளிவருகிறது, கரு உண்டாவது வியாழக்கிழமை. நடுவில் இருக்கும் இந்த மூன்று நாள்தான் மாத்திரை வேலை செய்யும் நேரம்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் அந்த எல்.எச். ஏற்றத்தை அமுக்கிவிடுகிறது. ஏற்றம் இல்லையென்றால் முட்டை அந்தச் சமயத்தில் வெளியே வராது. சில நாள் தள்ளிப்போகும். அதற்குள் காத்திருந்த விந்தணுக்கள் செத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. எல்.எச். ஏற்கெனவே கிடுகிடுவென்று ஏறிவிட்டிருந்தாலோ, முட்டை வெளியே வந்துவிட்டிருந்தாலோ மாத்திரையால் ஒன்றும் ஆகாது. கண்மாய் மடையைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் அடைத்தால் உண்டு. வயலுக்குள் பாய்ந்த தண்ணீரை மடை திருப்பி இழுக்காது.

அதனாலேயே இது கருக்கலைப்பு மாத்திரை ஆகாது. கருவுற்ற முட்டை கருப்பைக்குப் போய் ஒட்டுவதற்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும். ஒட்டிய கருவை இந்த மருந்து அசைக்காது, ஊனப்படுத்தவும் செய்யாது. தெரியாமல் கர்ப்பத்தோடு போட்டுவிட்டாலும் பிள்ளைக்குக் கெடுதல் என்று எந்த ஆய்விலும் தெரியவரவில்லை. முட்டை ஒட்டுவதை இது தடுக்கக்கூடும் என்று அமெரிக்காவில் மருந்துப் பெட்டித் தாளில் வெகுநாளாக ஒரு வரி இருந்தது. அதற்குச் சான்று இல்லை என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் அந்த வரியை எடுத்துவிட்டது. ‘பாவம்’ என்று சொல்லி மாத்திரை கொடுக்க மறுப்பவர்கள், இல்லாத ஒன்றை நினைத்து மறுக்கிறார்கள்.

எத்தனை சீக்கிரம் போடவேண்டும்? உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஏறத்தாழ 2,000 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 1998இல் வெளிவந்தது. மாத்திரை போடாவிட்டால் உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில், 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் 95 சதவீதம் தடுக்கப்பட்டிருந்தன. இரண்டாம் நாள் போட்டவர்களிடம் அது 85 ஆனது. மூன்றாம் நாள், 58. பிறகு வந்த ஆய்வுகளில் சரிவு இவ்வளவு செங்குத்தாக இல்லை. இருந்தாலும் காரணம் மேலே சொன்னதுதான்: எல்.எச். எப்போது ஏறும் என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. காத்திருந்து லாபம் இல்லை. ‘இது பாதுகாப்பான நாள்’ என்று காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு விட்டுவிடவும் வேண்டாம். பயணம், காய்ச்சல், மில்லில் ராத்திரி ஷிப்ட், எது வந்தாலும் முட்டை வரும் நாள் முன்னே பின்னே ஆகும்.

மணிக்கணக்கைச் சரியாகப் போடுங்கள். சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஆணுறை கிழிந்தது என்றால் 72 மணி நேரம் முடிவது செவ்வாய் ராத்திரி 10 மணி. ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை அடைத்திருக்கும், திங்கட்கிழமை துணிவு வராது, செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறினால் ஏற்கெனவே மூன்றாம் நாள்.

சாப்பிட்டோ சாப்பிடாமலோ, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் முன்கூட்டித் தேவையில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் போடலாம். பால் கொடுக்கும் தாயும் போடலாம். அந்த 1998 ஆய்வில் நூற்றுக்கு 23 பேருக்குக் குமட்டியது, வாந்தி எடுத்தவர்கள் 6 பேருக்கும் குறைவு. போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மாத்திரையும் போயிருக்கும், இன்னொன்று போடவேண்டும். தலைவலி, மார்பில் வலி, அசதி, இரண்டு நாள் லேசாக ரத்தம் திட்டுத்திட்டாகப் படுதல் ஆகியவை வந்து போகும். அடுத்த மாதவிலக்கு சில நாள் முன்னாலோ ஒரு வாரம் வரை பின்னாலோ வரலாம். இப்படித் திட்டுத்திட்டாகப் பட்டதை மாதவிலக்கு என்று எண்ணி நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

சிலருக்கு இந்த மாத்திரை போதாமல் போகும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாஸபின், ஃபெனோபார்பிட்டால் சாப்பிடுகிறவர்கள், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் சாப்பிடுகிறவர்கள் என்று ஒரு வரிசை உண்டு. இந்த மருந்துகள் ஈரலைத் தூண்டி லெவோநார்ஜெஸ்ட்ரலைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். அவற்றை நிறுத்தி நான்கு வாரம் ஆகாதவர்களுக்கும் இதே கதைதான். உடல் எடை மிக அதிகம் உள்ளவர்களுக்கும் பலன் குறையலாம். இவர்களெல்லாம் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லவேண்டும். இரட்டை அளவு மாத்திரையோ காப்பர் டி-யோ அவர் முடிவு செய்வார். காசநோய் மாத்திரை வீடு தேடி வரும் ஊர்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு உறுத்தும் விஷயம்.

காப்பர் டி-யை, பெரியவர்கள் சொல்லும் லூப்பை, நீண்டகாலக் கருத்தடை என்றே நமக்குப் பழக்கம். அவசரத்துக்கும் அதைவிட உறுதியான வழி வேறில்லை. உறவு நடந்து 5 நாளுக்குள் போட்டுவிட்டால் நூற்றுக்கு 99க்கு மேல் பலன் உண்டு. எடை, காசநோய் மாத்திரை எதுவும் அதைப் பாதிக்காது. தாமிரம் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. கருவுற்ற முட்டை ஒட்டாமலும் செய்யலாம். இந்த இரண்டாவது வேலை மனதுக்கு ஒப்பாதவர்கள் அதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்யட்டும். 380ஏ என்ற வகை 10 வருஷம் வரை அப்படியே இருக்கும், வேண்டாம் என்கிறபோது எடுத்துவிடலாம். மூன்று நாள் தாண்டிவிட்டதே என்று உட்கார்ந்து அழுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்பதே இதன் பெரிய உபயோகம். யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரையும் 5 நாள் வரை பலன் தரும். நம் ஊர்க் கடைகளில் அது கிடைப்பது அரிது.

சரி, கடையில் ஏன் இல்லை? சட்டம் தடுக்கவில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005இலேயே அனுமதித்துவிட்டது. 2007இல் ஐ-பில் வந்தது, டி.வி.யில் விளம்பரம் ஓடியது. தமிழ்நாட்டில் தடை ஏதும் இல்லை என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறது. சென்னையிலேயே பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. கடைக்காரர்களின் பயத்துக்கு ஒரு காரணம் தெரிகிறது. கருக்கலைப்பு மாத்திரைகளான மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் கிட்டைச் சீட்டு இல்லாமல் விற்கும் கடைகளில் அதிகாரிகள் சோதனை போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். அந்தப் பயத்தில் இதையும் அதோடு சேர்த்துக் கட்டி ‘எதற்கு வம்பு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மீதிக் காரணம், கேட்கிற பெண் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கும் கண்.

இதில் ஒரு வேடிக்கை. விருதுநகர் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளி என்று கோயில் திருவிழா வந்துவிட்டால், மாதவிலக்கு நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை பல கடைகளில் கேள்வி கேட்காமல் கிடைக்கும். அது நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்கவேண்டிய மருந்து. சீட்டு வேண்டியதைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, சீட்டு வேண்டாததை இல்லை என்கிறோம். நாள் தள்ளிப்போடும் மாத்திரை அவசரக் கருத்தடைக்கு உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுக்கொண்டால் நாள் தள்ளிப்போகும், கரு தடுக்கப்பட்டதாக நம்பிக்கொண்டும் இருப்பீர்கள்.

கடை கைவிட்டால் போகவேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவையும் கேட்கலாம். ஈசி பில் அரசின் குடும்பநலத் திட்டத்தில் உள்ள மருந்து. கேட்பதில் தவறில்லை, காசும் கிடையாது. “நேத்து ராத்திரி ஆணுறை கிழிஞ்சிருச்சு, 72 மணி நேர மாத்திரை வேணும்” என்று ஒரே வரியில் சொன்னால் போதும், கதை சொல்லவேண்டியதில்லை. அங்கே கையிருப்பு இல்லையென்றால் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி அரசு மருத்துவமனைகள், 2022இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காப்பர் டி வேண்டுமென்றால் நேரே மருத்துவமனைக்கே போய்விடுவது நல்லது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் சுகாதார உதவி எண் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

ஈசி பில் எங்குமே கிடைக்கவில்லை, நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. கனடாவின் டாக்டர் ஆல்பர்ட் யூஸ்பே 1974இல் எழுதிய முறை அது. சாதாரண தினசரிக் கருத்தடை மாத்திரையையே அதிக அளவில் போடுவது. நர்சம்மாவிடம் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும், நிறம் மாறி 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் இருக்கும். ஹார்மோன் மாத்திரையில் 4, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 4. இரும்பு மாத்திரையை எண்ணிக்கையில் சேர்த்துவிடக் கூடாது. 1998 ஆய்வில் லெவோநார்ஜெஸ்ட்ரல் மொத்தத்தில் 85 சதவீதத்தைத் தடுத்தபோது இது 57 சதவீதத்தைத்தான் தடுத்தது. பாதிப்பேருக்குக் குமட்டல், ஐந்தில் ஒருவருக்கு வாந்தி. ஒற்றை மாத்திரை கிடைக்கும்போது இதைத் தேடவேண்டாம். ரத்தக்கட்டு, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி இருந்தவர்களும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் நர்சம்மாவிடம் அதைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு செய்யவேண்டும்.

வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாக உடனே சிகிச்சை கொடுக்கச் சட்டம் கட்டளையிடுகிறது. போலீஸ் புகார் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்ப முடியாது. அவசர மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தும் அந்தச் சிகிச்சையில் அடக்கம். எச்.ஐ.வி. மருந்துக்கும் 72 மணி நேரம்தான் கெடு. 181 பெண்களுக்கான உதவி எண், 1098 குழந்தைகளுக்கு.

மாத்திரை போட்டதோடு அந்த மாதம் முழுக்கக் காப்பு என்று நினைப்பது இன்னொரு தவறு. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது; நான்கைந்து நாள் கழித்து வரும். அந்தச் சமயம் மறுபடி உறவு கொண்டால் முன்னைவிட ஆபத்து அதிகம். அன்றையிலிருந்தே ஆணுறை. வேண்டுமானால் மாலா-என்னை மறுநாளே தொடங்கலாம். லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்து இன்று சாயா என்ற பெயரில் அரசு கொடுக்கும் மாத்திரையில் ஹார்மோன் கிடையாது; அதை மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்கி, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. தினமும் விழுங்க மனம் வராதவர்களுக்கு அது தோதாக இருக்கும். அவசர மாத்திரையை அடிக்கடி போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், பிள்ளையே பிறக்காது என்று பயமுறுத்துவார்கள். அது பொய். அடிக்கடி போட்டால் மாதவிலக்கு தாறுமாறாகும், செலவு ஆகும், மற்ற முறைகள் அளவுக்குக் காப்பும் கிடைக்காது. அதனால்தான் வழக்கமாக்க வேண்டாம் என்பது.

வழக்கமான தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் குளிக்கவில்லை என்றால், அல்லது உறவு நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால், சிறுநீர்ப் பரிசோதனை செய்துபார்க்கவேண்டும். நிச்சய் என்ற பரிசோதனைக் கிட் நர்சம்மாவிடம் இலவசம். கர்ப்பம் உறுதியாகி, அது வேண்டாம் என்றால் எள்ளு, பப்பாளி, கருஞ்சீரகம் என்று பத்து நாளை வீணடிக்கவேண்டாம். எருக்கங்குச்சியின் பேச்சையே எடுக்கவேண்டாம். கரிசல் காட்டில் அதனால் சீழ்பிடித்துச் செத்த பெண்களின் கதை தெரியாத பாட்டி இல்லை. 1971 சட்டமும் அதன் 2021 திருத்தமும் 20 வாரம் வரை ஒரே டாக்டரின் ஒப்புதலோடு கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. சில நிலைமைகளில் 24 வாரம் வரை. ஒன்பது வாரத்துக்குள் என்றால் டாக்டர் கண்காணிப்பில் மாத்திரையாலேயே முடிந்துவிடும். வயது 18 ஆன பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். கணவன் கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, கேட்டால் இல்லையென்று சொல்லலாம். மணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினெட்டு நிரம்பாத பெண்ணின் விஷயத்தில், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் டாக்டர் அவள் பெயரைச் சொல்லவேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலி, தலைசுற்றல், மயக்கம் என்று வந்தால் அது மாத்திரையின் பக்கவிளைவு ஆகாது. கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் அப்போதே 108ஐக் கூப்பிடுங்கள்.